ஒரே முகத்துவாரம், பல பேறுகாலம்

(லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து மீனைப் பற்றிப் பேசு என்றால் யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, இரண்டிலும் வலை போட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் மீன் பிடிப்பதைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. வலைக்கு வருவதற்கு முன்னால் மீனுக்கு ஒரு கதை உண்டு. அது எங்கே முட்டையிட்டது, யாருக்குப் பக்கத்தில் இட்டது, அதே இடத்துக்குப் பங்காளிகள் வந்தபோது என்ன ஆயிற்று. இன்றைக்கு அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பங்காளி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். உறவே இல்லாத இரண்டு மீனுக்குள் இடத்தகராறு குறைவு. ஒன்று சேற்றைத் தின்னும், இன்னொன்று இறாலைத் தின்னும். ஒன்றுக்குப் பாறை வேண்டும், இன்னொன்றுக்குத் திறந்த நீர் போதும். ஒரே குடும்பத்து மீன்களுக்கு வாயும் ஒன்று, வயிறும் ஒன்று, முட்டைக்கு வேண்டிய வசதியும் கிட்டத்தட்ட ஒன்று. 1934ஆம் ஆண்டு ரஷ்யாவின் காஸ் என்ற அறிஞர், கண்ணாடிக் குழாயில் வளர்த்த நுண்ணுயிர்களை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார்: ஒரே பிழைப்பை ஒரே விதத்தில் பிழைக்கும் இரண்டு இனங்கள் ஓரிடத்தில் நீடிக்க முடியாது, ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிடும். கண்ணாடிக் குழாய்க்கு அது சரி. பழவேற்காடு ஏரி கண்ணாடிக் குழாய் அல்ல. இங்கே பங்காளிகள் பல காலமாகச் சேர்ந்தே இருக்கிறார்கள். எப்படி?

இந்த ஊரில் இதை விளக்க எனக்கு வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. பாடு இருக்கிறதே! தலைக்கட்டுக் கிராமங்கள் ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை போடும் இடங்களை வரையறுத்து, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் கிடையாது. ஒரே தண்ணீர், ஒரே இறால். ஆனால் நாளும் இடமும் மாறுவதால் வலையும் வலையும் முட்டிக்கொள்வதில்லை. பாட்டுக்குள் வராதவர்களின் மனக்குறை தனிக்கதை, அதற்கு வேறொரு நாள் வேண்டும். மீன்களும் நாளையும் இடத்தையும் பிரித்துக்கொண்டுதான் வாழ்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: அவை கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்கவில்லை. காலம் தவறி முட்டையிட்டதன் குஞ்சு பிழைக்கவில்லை, காலம் பார்த்து இட்டதன் குஞ்சு பிழைத்தது. இப்படியே ஆயிரமாயிரம் தலைமுறை ஓடியதில் மிஞ்சியது ஓர் ஏற்பாடு போலத் தெரிகிறது.

முதலில் மடவை. இந்த ஏரியில் மடவை என்றால் ஒன்றல்ல, ஒரு குடும்பமே உண்டு. எல்லாவற்றிலும் பெரிதாக வளர்வது ஒன்று. நூல்களில் மூஜில் செபாலஸ் என்று எழுதுவார்கள். அதன் பங்காளிகளான சிறு மடவைகள் பல. எல்லாம் அடிச்சேற்றிலும் கட்டையிலும் படிந்த பாசியை, மட்கிய தூளை மேய்பவை. வாழ்வது ஏரியில், பிள்ளை பெறப் போவது கடலுக்கு. ஏரியிலேயே முட்டையிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். காரணம் உப்பு. மடவையின் முட்டை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. உள்ளே ஒரு துளி எண்ணெய் இருக்கும். கடல்நீரில், அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரில், அது மிதக்கும். ஏறத்தாழ இரண்டு நாளில் பொரியும். உப்புக் குறைந்த நீரில் அது தாழ்ந்து சேற்றில் படிந்துவிடும், கதை முடிந்தது. இந்த ஏரியின் உப்போ நிலையில்லாதது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில், சராசரி ஒரு மீட்டர் ஆழம்கூடத் தேறாத ஏரி வெயிலில் காய்ந்து, வடபகுதியில் கடலைவிடக் கரிக்கும். இப்படிப்பட்ட வீட்டில் தொட்டில் கட்ட முடியாது என்று மடவைக் குடும்பம் மொத்தமும் வெளியே போகிறது.

அப்படியானால் எல்லா மடவைக்கும் பிரசவ அறை ஒன்றே: முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள கடல். பங்குபோட இடம் இல்லை என்றால் நாளைத்தான் பங்குபோட வேண்டும். பெரிய மடவை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி பிறந்து கார்த்திகை, மார்கழி என்று சினை முற்றி வெளியேறும். ஆறு புரண்டு வரும் நீர் முகத்துவாரத்தை அகலத் திறந்துவைக்கும் காலம் அது. சிறு மடவைகளின் காலம் அவ்வளவு இறுக்கமாக இல்லை. இனத்துக்கு இனம் முன்னும் பின்னும் நகரும், சிலவற்றுக்கு நீண்டுகொண்டே போகும். முழுக்கப் பிரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆனால் உச்சம் ஒரே நாளில் விழுவதில்லை. அதன் பலன் முட்டையில் தெரிவதைவிடக் குஞ்சில்தான் அதிகம் தெரியும். கடலில் பொரித்த குஞ்சு ஒரு மாதத்துக்கு மேல் அங்கே திரிந்து, இரண்டு சென்டிமீட்டர் அளவு வந்ததும் ஓதத்தோடு ஏரிக்குள் ஏறும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் வெள்ளிப்பொடி தூவினாற்போல் அது ஒதுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லா இனத்துக் குஞ்சும் ஒரே வாரத்தில் வந்து அந்த ஓரத்தில் நின்றால் பாசி போதாது. ஒரு கூட்டம் வளர்ந்து ஆழம் போன பிறகு அடுத்த கூட்டம் வந்தால் பந்தியில் இடம் இருக்கும்.

இந்தக் குஞ்சுகளைப் பிரித்தறிவது ஆராய்ச்சிக்காரர்களுக்கே பெரிய தலைவலி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. உடம்பில் கரும்புள்ளிகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்று உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். வளர்ந்ததாக இருந்தால் வயிற்றை அறுத்து, இரைப்பை முடியும் இடத்தில் விரல்போல நீளும் குடல்முளைகளை எண்ணுவார்கள். பெரிய மடவைக்கு அது இரண்டே, சிறியவற்றுக்குப் பெரும்பாலும் அதற்கு மேல். அதிலும் ஒரு வேடிக்கை. உலகமெங்கும் பெரிய மடவை என்று ஒரே பெயரில் அழைத்து வந்ததே ஒரே இனம் அல்ல, தோற்றத்தில் பிரிக்க முடியாத பல இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. பங்காளிக்குள் பங்காளி!

நன்றாக வளர்ந்த ஒரு சினை மடவையின் வயிற்றில் பத்து லட்சத்துக்கு மேலும் முட்டை இருக்கும். தைவானில் டிசம்பர் குளிரில் கரையை ஒட்டி வரும் மடவைக் கூட்டத்துக்காக மீனவர்கள் காத்துக் கிடப்பார்கள். மீனுக்காக அல்ல, அந்தச் சினைக்காக. உப்பிட்டு, அழுத்தி, வெயிலில் காயவைத்து, கல்யாண விருந்துக்கும் புத்தாண்டுப் பரிசுக்கும் கொடுப்பார்கள். ஜப்பானிலும் இத்தாலியிலும் அதற்கு நல்ல கிராக்கி. இங்கே அதைக் குழம்பில் போட்டுவிடுகிறோம். எனக்குக் குழம்புதான் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடத்தைப் பிரித்துக்கொள்ளும் பங்காளிகளும் உலகில் உண்டு. பசிபிக் கடலின் வடபுறத்தில் சால்மன் இனங்கள் நம் மடவைக்கு நேர் எதிர். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆறு ஏறும். ஐந்து இனங்கள் ஒரே ஆற்றில் நுழைந்தாலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இளஞ்சிவப்புச் சால்மனும் சம் சால்மனும் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிடும். சினூக் பெரிய உடம்போடு நடு ஆற்றுக் கூழாங்கல்லைக் கிளறும். கோஹோ சிறு ஓடைகளுக்குள் புகுந்துகொள்ளும். சாக்கை, குஞ்சு வளர ஏரி வேண்டும் என்பதால் ஏரியுள்ள ஆறாகத் தேடிப் போகும். கல்லின் பருமன், நீரின் வேகம், மாதம் என்று எல்லாமே பங்கு. பிந்தி வருபவன் முந்தி வந்தவனின் குழியைத் தோண்டி முட்டையை அழிப்பதும் அங்கே நடக்கும். அதனால்தான் விலகி இருப்பவை பிழைத்தன.

விலக முடியாமல் நெருக்கிவிட்டால்? நம் நாட்டிலேயே பதில் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வெள்ளத்தில் கரை புரண்ட ஆழமில்லாத நீரில் முட்டையிடும் கெண்டைகள். வங்காளத்தில் மழைநீரைக் கரைகட்டித் தேக்கி அவற்றைச் சேர்த்து விட்டபோது, ஒன்றின் முட்டையில் இன்னொன்றின் விந்து விழுந்து கட்லாவும் அல்லாத ரோகுவும் அல்லாத குஞ்சுகள் பிறந்தன. கெண்டை முட்டை உடம்புக்கு வெளியே தண்ணீரில்தான் கருவாகிறது. ஆற்றில் அவற்றைப் பிரித்து வைத்திருந்தது தூரமும் நேரமும்தான் என்று அப்போது தெரிந்தது.

இனி ஏரியைவிட்டு வெளியே போகாத பங்காளிகளுக்கு வருகிறேன். இதைத்தான் ஆசையோடு பேச வந்தேன்.

செத்தக்கெண்டை. கேரளத்தார் கரிமீன் என்று வாழையிலையில் பொதிந்து பொள்ளிப்பார்கள். 2010இல் தங்கள் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். அதன் சின்னப் பங்காளி ஒன்று உண்டு; விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, மஞ்சளும் ஆரஞ்சுமாக, விலாவில் ஒரு கரும்பொட்டு. மலையாளத்தில் பள்ளத்தி. வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் ஜெர்மனியின் ப்ளாக் என்ற மருத்துவர்தான் 1790க்கும் 1795க்கும் இடையில் நூலில் ஏற்றினார். ஆசியாவில் இந்தக் குடும்பத்தின் இந்தக் கிளை தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டித்தான் காணக் கிடைக்கிறது; நெருங்கிய தாயாதிகள் மடகாஸ்கரில் இருக்கின்றன. ஏன் அங்கே என்று விலங்கியலார் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மடவை பத்து லட்சம் முட்டையைக் கடலில் தூவிவிட்டுத் திரும்பிப் பார்க்காது. இந்த இரண்டும் அப்படியல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்தும். செத்தக்கெண்டை சில நூறு முதல் இரண்டாயிரம் வரை முட்டையிடும், பள்ளத்தி இருநூறு சொச்சம். ஆழமில்லாத, கலங்காத நீரில் கல், கட்டை, வேர், தேங்காய் மட்டை என்று கெட்டியான ஒன்றைத் தேடிப்பிடித்து, வாயால் சுத்தம் செய்து, முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டும். முட்டைக்கு ஒரு சிறு காம்பு உண்டு. அதில் தொங்கிக்கொண்டு அசையும். தாயும் தகப்பனும் துடுப்பால் விசிறி நீர் ஓட்டம் கொடுக்கும். மூன்று நாலு நாளில் பொரித்ததும், அடிமண்ணில் தோண்டி வைத்த குழிகளுக்குக் குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் மேனியில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும்.

ஆக இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: தெளிந்த ஓரநீர், கெட்டியான பிடிமானம், பக்கத்தில் தோண்ட மண். சேறும் மணலுமான ஏரியில் பிடிமானம் மலிவானதல்ல. இங்கே பங்கு எப்படி? 1970களில் ஜாக் வார்ட், ரிச்சர்ட் வைமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இலங்கையில் உட்கார்ந்து இந்த இரண்டு மீன்களையும் கவனித்தார்கள். அவர்கள் கண்டது பாடு போன்ற நேர்த்தியான ஏற்பாடு அல்ல. கொஞ்சம் ஊழியம், கொஞ்சம் திருட்டு.

திருட்டு என்னவென்றால், பள்ளத்தி சமயம் பார்த்துச் செத்தக்கெண்டையின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஊழியம் என்னவென்றால், இளம் பள்ளத்திகள் பெரிய செத்தக்கெண்டையின் துடுப்பிலும் செதிலிலும் ஒட்டிய ஒட்டுண்ணியையும் பூசணத்தையும் கொத்தி எடுத்துச் சுத்தம் செய்யும். பெரியது அசையாமல் நின்று இடம் கொடுக்கும். துரத்தினால் திருட்டு நிற்கும், ஊழியமும் நிற்கும். இரண்டு மீனும் ஒரே நீரில் இருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உணவிலும் அவை விலகிவிட்டன. செத்தக்கெண்டை பாசியும் நீர்ச்செடியும் மேய்வது, பள்ளத்தி மிதக்கும் சிற்றுயிர்களைப் பொறுக்குவது. முட்டைக்கு இடம் தேடும்போது மட்டும்தான் இருவரும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் குடும்பத் தகராறில் மூன்றாவது ஆள் ஒருவர் நுழைந்தார். 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன், திலாப்பியா. நமக்கு ஜிலேபி. நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள், மலிவான மீன், எளிதில் பெருகும், ஏழைக்கு உணவு. பெருகியது, சொன்னதற்கு மேலேயே. இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத ஏரி குளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் செத்தக்கெண்டையின் குடும்பம்தான், தூரத்துச் சொந்தம். ஆனால் பிரசவத்துக்கு அதற்குக் கல்லும் வேண்டாம், கட்டையும் வேண்டாம். ஆண் தரையில் வட்டக் குழி தோண்டும், பெண் அதில் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு வாரம் வாயிலேயே சுமக்கும். கடல் கெளுத்தியில் தகப்பன் வாயில் முட்டை சுமப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இங்கே தாய். வருஷத்துக்குப் பல தடவை. உப்பு ஏறினாலும் கவலையில்லை.

இதன் பொருளைக் கவனியுங்கள். தொட்டிலை வாயிலேயே தூக்கிக்கொண்டு திரிபவளுக்குப் பிடிமானம் அரிதாக இருப்பது ஒரு தடையே இல்லை. அதே நேரத்தில் ஆண் ஜிலேபிகள் ஓரநீர்த் தரையெங்கும் குழி பறித்து, தங்கள் எல்லைக்குள் வருபவரைத் துரத்தும்போது, ஒரு கல்லையும் தெளிந்த நீரையும் நம்பியிருந்த செத்தக்கெண்டைக்குத்தான் இடைஞ்சல். மீன் எண்ணிக்கையைக் கேட்டால் ஏரி செழிப்பாகத் தெரியும். எந்த மீன் என்று கேட்டால்தான் விவரம் வெளியே வரும். விற்கப்போகும் அக்காமார் கூடையைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார்கள். ஜிலேபிக் கூடைக்கும் செத்தக்கெண்டைக் கூடைக்கும் விலை ஒன்றல்லவே.

இப்போது முகத்துவாரம். ஏரிக்குக் கடல்வாசல் ஒன்றுக்கு மேல் உண்டு, ஆந்திரப் பக்கம் ராயதொருவு, தூப்பிலிப்பாளையம் என்று. அவை பல காலம் அடைத்தே கிடக்கும். தெற்கே இந்த முகத்துவாரத்தை நம்பித்தான் பெரும்பாலான போக்குவரத்து. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல், அலை மணலைத் தள்ளி இதையும் தூர்த்துவிடும் வருஷங்கள் உண்டு. அரசாங்கத்துக்குக் காத்திராமல் நீங்களே மண்வெட்டி எடுத்து வெட்டித் திறந்த கதைகளும் உண்டு. வாசல் அடைத்தால் யாருக்கு நஷ்டம் என்பது இதுவரை பேசியதிலேயே இருக்கிறது. செத்தக்கெண்டை உள்ளேயே குடும்பம் நடத்துவது. உப்பு எல்லை மீறும்வரை தாக்குப்பிடிக்கும். மடவை, வெள்ளை இறால், கருப்பு இறால், முட்டையோடு கடலுக்குப் போகும் பெண் நண்டு எல்லாம் வாசலை நம்பியவை. அதிலும் நாள் வகுத்துப் போகிறவை என்பதால் அடைப்பு எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதத்துக்கு உரியவன் மட்டும் அடிபடுவான். தைக்குப் பிறகு அடைத்தால் பிந்தி வரும் குஞ்சுக்கு வழியில்லை. மழை பொய்த்துக் கார்த்திகையில் சரியாகத் திறக்காவிட்டால் சினை மடவை உள்ளேயே சிக்கும்.

சட்டம் இந்த நாள்கணக்கைப் பார்க்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகளுக்கான அந்தத் தடையை நான் குறை சொல்லவில்லை; கடல் மீன்கள் பலவற்றுக்கு அது ஆசுவாசம். ஆனால் ஏரி மடவையின் பேறுகாலம் அதற்குள் விழவே இல்லை. அது வெளியேறும் மழைமாதங்களில் வலைக்குத் தடையில்லை. சினை மீன் நெரிசலாக வாசலைக் கடக்கும் அந்தச் சில நாட்கள் முகத்துவாரத்தில் குறுக்கு வலை வேண்டாம் என்று வைத்தால் எவ்வளவோ பிழைக்கும். சென்னையில் உட்கார்ந்து தேதி போட்டால் இது நடக்காது, மழை தேதி பார்த்து வருவதில்லை. எந்த வாரம் என்பதை அரங்கம்குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் இங்கேயும் உள்ள பெரியவர்கள்தான் நீரைப் பார்த்துச் சொல்ல முடியும். பாடு முறைவைத்து நடத்தத் தெரிந்த ஊர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. அந்த நாட்களுக்கு வலையை மடக்குபவருக்கு அரசு நிவாரணம் தர வேண்டும். வயிற்றைக் கட்டிக்கொண்டு மீனைக் காப்பாற்று என்று யாரையும் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று. முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க இரு பக்கமும் கற்சுவர் எழுப்பும் வேலை தொடங்கியது உங்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்டுப் பெற்றது அது. சுவர் நின்றாலும் இடையிடையே தூர்வார வேண்டிவரும். எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை லோடு மணல் என்று கோப்பில் எழுதியிருப்பார்கள். எந்த மாதம் வாருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கார்த்திகையில் இயந்திரம் வாசலில் நின்று சேற்றைக் கலக்கினால் வெளியே போகும் மடவைக்கு முட்டுக்கட்டை. அள்ளிய மணலைச் செலவு மிச்சம் என்று ஏரியின் உள்ளோரத்தில் கொட்டினால், செத்தக்கெண்டை முட்டை ஒட்டும் தெளிந்த நீர் அந்த இடத்தோடு போச்சு. வைகாசியிலா ஆனியிலா வாரலாம், மணலை எங்கே கொட்டலாம் என்பதை ஒப்பந்தக்காரர் முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் ஊர்க்கூட்டம் முடிவு செய்து மனுவில் எழுதிவிடட்டும். யாராவது கேட்க நினைத்தால் இப்போது கேளுங்கள். முதலில் முன்வரிசைப் பிள்ளைகள்.